வறுமை என்ற பதில்

"வீட்டுல கஷ்டம். பிள்ளை வேலைக்குப் போகலைன்னா அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?" குழந்தைத் தொழிலாளர் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, பெரும்பாலும் இளகிய மனசுதான். சட்டம் பேசுகிறவர்களைவிடத் தனக்கு ஏழைகளின் நிலைமை நன்றாகத் தெரியும் என்று உண்மையாகவே நம்புகிறவர். இந்தப் பதில் வந்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது, ஏனென்றால் வறுமையை இன்றைக்கே ஒழிக்க யாராலும் முடியாது. ஆகவே பிள்ளை வேலையிலேயே இருக்கிறது. இந்த இரக்கம்தான் பள்ளிக்கூட வாசலுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் நிற்கிற பெரிய சுவர் என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணம், ஹைதராபாத்தில் இருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக வேலை செய்துவரும் எம்.வி. ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும், அதற்கு வழி காட்டிய சாந்தா சின்ஹா என்ற அரசியல் விஞ்ஞானப் பேராசிரியரும். அவர்கள் செய்ததைச் சேவை என்ற சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சமூகம் நூறு வருஷமாக நம்பி வந்த ஒரு காரணத்தை, ஊர் ஊராகப் போய், அது பொய் என்று செய்து காட்டினார்கள்.

மாமிடிபூடி வெங்கடரங்கையா ஆந்திரத்தின் பெரிய வரலாற்றாசிரியர், கல்வியாளர். அவர் பெயரில் 1981-ல் குடும்பத்தார் தொடங்கிய சிறிய அறக்கட்டளைதான் எம்.வி. ஃபவுண்டேஷன். சாந்தா சின்ஹா அவருடைய பேத்தி. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர், எண்பதுகளில் ஷ்ரமிக் வித்யாபீடம் என்ற தொழிலாளர் கல்வித் திட்டத்தையும் நடத்தினார். கொத்தடிமைகளிடையே வேலை செய்தபோது, அவர்களில் கணிசமானோர் குழந்தைகள் என்பது தெரிந்தது. 1987-ல் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக மூன்று மாத முகாம் ஒன்றை நடத்தினார். அந்த முகாமின் குறிக்கோள் தையல், கூடை முடைதல் மாதிரி ஒரு கைத்தொழில் இல்லை. மற்ற பிள்ளைகள் போகிற அதே அரசுப் பள்ளிக்கு இந்தப் பிள்ளைகளையும் தயார் செய்வதுதான். 1991-ல் அந்த யோசனையைத் தாத்தா பெயரிலான அறக்கட்டளை கையில் எடுத்து, ரங்காரெட்டி மாவட்டத்துக் கிராமங்களில் இறங்கியது. 2003-ல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2007-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான், 2013 வரை இரண்டு முறை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அமைப்பின் எல்லா வேலைக்கும் அடியில், விட்டுக்கொடுக்க முடியாதவை என்று அவர்கள் வகுத்து வைத்த ஐந்து கொள்கைகள் இருக்கின்றன. எல்லாக் குழந்தைகளும் முழுநேர, முறையான பகல் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளிக்குப் போகாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான். குழந்தை செய்யும் எல்லா வேலையும் ஆபத்தானது, அதன் வளர்ச்சியைக் கெடுப்பது. குழந்தை உழைப்பை முழுக்க ஒழிக்க வேண்டும். அதை நியாயப்படுத்தும் எந்தக் காரணத்தையும் ஏற்கக்கூடாது. முதல் பார்வைக்கு இவை பிடிவாதமாகத் தெரியும். ஆனால் இரண்டாவது கொள்கையைக் கொஞ்சம் நின்று பாருங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நம் கண்ணில் படும். விடிகாலையில் தண்ணீர் எடுத்து, தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆடு மேய்த்து, அம்மா களையெடுக்கப் போன நேரத்தில் சோறு வடிக்கிற எட்டு வயசுப் பெண் எந்தக் கணக்கிலும் வராது. அவளுக்கு முதலாளி இல்லை, கூலி இல்லை. கணக்கெடுக்க வருகிறவரிடம் "சும்மா வீட்டுல இருக்கா" என்பார்கள். அவள் சும்மா இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 43.5 லட்சம் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. அது வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களின் கணக்கு மட்டும். அதைவிடக் குறைவான காலம் வேலை செய்த பிள்ளைகளையும் சேர்த்தால் அதே கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டுகிறது. எதை வேலை என்று எண்ணுகிறோம் என்பதை வைத்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தோன்றி மறைகிறார்கள். பிள்ளை பள்ளியில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த மறைவு நடக்காது. ஊர்க்காரர் யாரும் வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்துவிடக்கூடிய கேள்வி அது.

அந்தக் கேள்வியோடு தெலுங்கானா, ஆந்திரப் பருத்திக்காட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். வீரிய ஒட்டுப் பருத்தி விதை எப்படி உண்டாகிறது என்று பருத்தி உடுத்துகிற நம்மில் பலருக்குத் தெரியாது. நாளைக்கு விரியப் போகிற மொட்டை இன்றைக்குச் சாயங்காலம் கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அதன் அடியைச் சுற்றிக் கீறி, இதழோடு சேர்த்து மகரந்தத் தாள்களைக் கழற்றி எடுக்க வேண்டும், நடுவில் இருக்கும் சூல்தண்டுக்கு அடிபடக்கூடாது. மறுநாள் காலை, ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து அந்தச் சூல்முடியில் தேய்க்க வேண்டும். கிராசிங் என்று சொல்வார்கள். ஒவ்வொரு மொட்டுக்கும் இது தனித்தனியாக நடக்க வேண்டும், பூக்கிற பருவம் முழுக்க ஒரு நாள் தவறாமல் நடக்க வேண்டும். எந்திரம் கிடையாது. இந்த வேலையில் பெரும்பங்கை வருஷக்கணக்காகச் செய்தவர்கள் பதினான்கு வயதுக்குக் கீழே இருந்த பெண்பிள்ளைகள். தாவுலூரி வெங்கடேஸ்வர்லு என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆவணப்படுத்தியிருக்கிறார். பருவம் தொடங்கும் முன்பே பெற்றோர் கையில் முன்பணம் வந்துவிடும், பருவம் முடியும்வரை பிள்ளை அந்தக் காட்டுக்குக் கட்டுப்பட்டது. ஏன் சின்னப் பெண்கள் என்று கேட்டால், விரல் மெல்லியது, உயரமும் செடிக்குச் சரியாக இருக்கும் என்பார்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்கலாம், எதிர்த்துப் பேசாது, நிமிர்ந்து பார்க்காது என்பது அதற்குப் பின்னால் இருக்கும் காரணம். விவசாயியைக் கேட்டால் விதைக் கம்பெனி கொடுக்கும் விலை கட்டவில்லை என்பார், அதிலும் உண்மை இருக்கிறது. கம்பெனி, இடைத்தரகர், விவசாயி, பெற்றோர் என்று நீளும் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தன் நெருக்கடியைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் அது வந்து விழுகிற இடம் ஒரு பத்து வயசுப் பிள்ளையின் கட்டைவிரல் நகம். இதற்கு வறுமை என்று பெயர் வைத்தால் சங்கிலியில் இருக்கிற மற்ற எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள்.

பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று இன்னொரு நம்பிக்கை உண்டு. இதற்கு எதிரான சான்று 1999-லேயே அச்சில் வந்துவிட்டது. ஹிமாசலம், உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களில் நடத்திய ஆய்வை வைத்து எழுதப்பட்ட ப்ரோப் அறிக்கை அது. ஆண் குழந்தை படிப்பது முக்கியம் என்று சொன்ன பெற்றோர் நூற்றுக்கு 98 பேர், பெண் குழந்தை படிப்பது முக்கியம் என்றவர்கள் 89 பேர். நாட்டிலேயே கல்வியில் மிகப் பின்தங்கியவை என்று பெயர் வாங்கிய மாநிலங்களும் இதில் இருந்தன. எம்.வி. ஃபவுண்டேஷன்காரர்கள் தெலுங்கு கிராமங்களில் கண்டதும் இதேதான். பிள்ளையைப் படிக்க வைக்க ஆசை இருக்கிறது, எப்படி என்றுதான் தெரியவில்லை. அப்பா அம்மா இருவருமே பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காதவர்கள் என்றால், அந்த வாசல் எவ்வளவு உயரமாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூன் மாதம் தாண்டிவிட்டது, இப்போது சேர்க்க முடியாது என்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், சாதிச் சான்றிதழ் கேட்பார்கள், நடுவில் நின்ற பிள்ளையாக இருந்தால் டி.சி. கேட்பார்கள். எல்லாம் தாண்டி உள்ளே போனால், ஒன்பது வயசுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் ஐந்து வயசுக் குழந்தைகளோடு தரையில் உட்கார வைப்பார்கள். மாடு மேய்த்து, கூலிக்குப் போய், வீட்டையே நடத்திய பெண் அது. அதற்கு வெட்கம் வராதா? மூன்றாம் நாள் நின்றுவிடும். "இதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று வாத்தியார் சொல்வார், ஊரும் தலையாட்டும்.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய இணைப்பு முகாமின் அருமை தெரிகிறது. வேலையிலிருந்து வந்த பிள்ளைகளை ஒரே இடத்தில் தங்க வைத்து, எழுத்தும் கணக்கும் மட்டுமல்லாமல், பள்ளிக்கூடம் என்ற இடத்தில் எப்படி இருப்பது என்பதையே கற்றுக்கொடுத்தார்கள். முதல் நாட்களில் பாடமே கிடையாது என்று சொன்னாலும் தப்பில்லை. பாட்டு, கதை, விளையாட்டு, பேச்சு. அதிகாலையில் எழுந்து அடுத்தவர் வேலையைச் செய்தே பழகிய பிள்ளைக்கு, இந்த நேரம் உன்னுடையது என்று புரியவே சில வாரங்கள் ஆகும். பிறகு வேகம் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஆறு வயசுக் குழந்தையைவிட வேகமாகவே எழுத்தைப் பிடிக்கும், அதற்கு உலகம் தெரியும். வயதுக்கு ஏற்ற வகுப்பில், ஐந்திலோ ஏழிலோ, நேராகக் கொண்டுபோய் அரசுப் பள்ளியில் சேர்ப்பார்கள். அமைப்புக்கென்று தனிப் பள்ளி கட்டிக்கொள்ளவில்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நன்கொடை வாங்கி, பளபளப்பாக ஒரு பள்ளி கட்டி, அதில் இருநூறு பிள்ளைகளைப் படிக்க வைத்து, புகைப்படம் எடுத்துப் போடுவது எளிது. அந்த இருநூறு பிள்ளைகளும் நன்றாக வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இருநூற்று ஒன்றாவது பிள்ளைக்கு அந்தப் பள்ளி எதுவும் செய்யாது. அரசுப் பள்ளியின் கதவை ஒரு பிள்ளைக்காகத் திறந்துவிட்டால் அடுத்த பிள்ளையும் அதே வழியில் வரலாம்.

இதைச் செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பேராசிரியரின் பெயர் வெளியில் தெரிந்தது, விருது அவருக்கு வந்தது. வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளி முடித்தவர்கள், தலித் மற்றும் பிற்படுத்தப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். "உன் அப்பனும் கூலிக்காரன்தானே, நீ மட்டும் எப்படிப் படிச்சே?" என்று கேட்கத் தேவையில்லாதபடி அவர்களே பதிலாக நின்றார்கள். அவர்களோடு அரசுப் பள்ளி ஆசிரியர்களே சேர்ந்து பால கார்மிக விமோசன வேதிகா என்று ஒரு மேடை அமைத்தார்கள். குழந்தைத் தொழிலாளர் விடுதலை மேடை என்று தமிழில் சொல்லலாம். சம்பள உயர்வுக்குச் சங்கம் வைப்பது இயல்பு, தங்கள் வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் சங்கம் வைத்தது அபூர்வம். ஊரில் குழந்தை உரிமைக் குழுக்கள் உருவாயின, பஞ்சாயத்துக்காரர்கள் அதில் உட்கார்ந்தார்கள். முன்பு பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த நிலக்காரர்களையே கூப்பிட்டுப் பேசினார்கள். எடுத்தவுடன் வழக்கு, போலீஸ் என்று அவர்கள் போகவில்லை. ஊர் முகம் கொடுத்துப் பேசாது என்ற நிலை வந்தால் நிலக்காரர் தானாகவே இறங்கி வருவார். இந்த வழியில் பத்து லட்சம் பிள்ளைகள் அளவுக்கு வேலையிலிருந்து பள்ளிக்கு வந்திருக்கிறார்கள் என்பது அமைப்பு சொல்லும் கணக்கு. அந்த எண்ணில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் என் வாதத்துக்குக் குறைவு வராது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, தொடக்கத்தில் சொன்னதுதான்: அந்தக் கூலி போனால் குடும்பம் என்ன செய்யும்? எம்.வி. ஃபவுண்டேஷன் பெற்றோருக்கு ஈட்டுத்தொகை கொடுக்கவில்லை. அப்படியும் பிள்ளைகள் வந்தார்கள். கேள்விக்கான முதல் பதில் இந்த நடைமுறையிலேயே இருக்கிறது. இரண்டாவது பதிலைப் பொருளாதாரம் தருகிறது. கௌசிக் பாசுவும் ஃபாம் ஹோவாங் வான் என்பவரும் 1998-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. குழந்தைகள் வேலைக்கு வருவதால் பெரியவர்களின் கூலி குறைகிறது, பெரியவர்களின் கூலி குறைவாக இருப்பதால் குழந்தைகளை அனுப்ப வேண்டியிருக்கிறது. இது ஒரு நிலை. குழந்தைகள் யாரும் வராவிட்டால் ஆள் தட்டுப்பாட்டில் பெரியவர்களின் கூலி ஏறும், ஏறினால் குழந்தையை அனுப்பத் தேவையே இருக்காது. இது இன்னொரு நிலை. அதே ஊர், அதே நிலம், அதே ஜனங்கள், ஆனால் இரண்டில் எதிலும் நிலைபெற முடியும். பெற்றோர் பிள்ளையை வேறு வழியில்லாமல்தான் அனுப்புகிறார்கள் என்று அந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வறுமை என்ற வாதத்தை முழுக்க ஒப்புக்கொண்ட பிறகும், பிள்ளைகளை வேலையிலிருந்து எடுப்பது குடும்பத்துக்கு நல்லதாக முடியலாம் என்றுதான் கணக்கு வருகிறது. ஆனால் ஒரு வீடு மட்டும் தனியாக நிறுத்தினால் அந்த வீட்டுக்கு நஷ்டம். ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும். ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது என்று போகாமல் ஊரையே ஒரு அலகாக எடுத்துக்கொண்ட முறை இங்கே சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது, எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. இந்தியாவின் 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் என்ன செய்தது என்று பரத்வாஜ், லக்டாவாலா, லி ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். சட்டத்துக்குப் பிறகு பெரியவர் கூலியோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் கூலி குறைந்தது, வேலைக்குப் போகும் பிள்ளைகள் கூடினார்கள் என்று முடிவு வந்தது. பிள்ளை கொண்டுவரும் பணம் குறைந்ததால், அதே பணத்துக்கு இன்னும் அதிக வேலை தேவைப்பட்டது. தடை போட்டால் இப்படித்தான் திருப்பி அடிக்கும் என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வை நான் மறுக்கவில்லை. அது எதை அளந்தது என்று பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் குழந்தை உழைப்பைத் தடை செய்யவில்லை. சில தொழில்களில் மட்டும் தடுத்தது, மற்றவற்றில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வரை அனுமதித்தது, குடும்பப் பட்டறைகளை விட்டேவிட்டது. வேலையிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் இல்லை. ஒரு கதவை மட்டும் சாத்தினால் பிள்ளை பக்கத்துக் கதவு வழியாகத்தான் போகும். நம் சிவகாசி வழக்கில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பிலும் இந்தப் பாதிப் பாதைதான் இருந்தது. வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அரசு அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும் அல்லது 5,000 ரூபாய் போட வேண்டும், அந்தப் பணத்தின் வருமானம் பிள்ளையின் படிப்புக்கு. நோக்கம் நல்லது. ஆனால் அபாயமான தொழில், அபாயமில்லாத தொழில் என்ற பிரிவினையை அந்தத் தீர்ப்பும் தாண்டவில்லை. அபாயமில்லாத தொழிலில் வேலை நேரத்தைக் குறைத்து, தினம் இரண்டு மணி நேரம் படிக்க விட்டால் போதும் என்று நின்றுவிட்டது. நாள் முழுக்க உழைத்த பிள்ளை இரண்டு மணி நேரத்தில் என்ன படிக்கும்? பகல் பள்ளி, முழுநேரம் என்று எம்.வி. ஃபவுண்டேஷன் முதல் கொள்கையிலேயே அழுத்திச் சொன்னதன் காரணம் இதுதான்.

அரசுப் பள்ளியே சரியில்லை, அங்கே அனுப்பி என்ன பயன் என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். நான் முன்பு சொன்ன அதே ப்ரோப் அறிக்கைதான், ஆய்வாளர்கள் போன நேரத்தில் பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை என்றும் எழுதியது. உண்மைதான். ஆனால் பள்ளி எப்போது மோசமாகவே இருக்க முடிகிறது? கேட்க ஆளில்லாதபோது. பிள்ளைகளில் பாதிப் பேர் பதிவேட்டில் மட்டும் இருந்தால், இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை ஒப்பேற்றிவிடலாம். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளையும் காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்றால் அந்தக் கணக்கு உடையும். அப்போதுதான் அறை போதாது, ஆசிரியர் போதாது, கழிப்பறை இல்லை என்று மனு போகும். நல்ல பள்ளி வந்த பிறகு பிள்ளைகளை அனுப்பலாம் என்று காத்திருந்தால் அந்தப் பள்ளி வரவே வராது. சோறு போடாமல் பிள்ளை வராது என்று கண்டுகொண்டு 1956-ல் மதிய உணவைத் தொடங்கியதும், 1982-ல் அதைச் சத்துணவாக விரித்ததும் தமிழ்நாடு. பள்ளியில் எல்லாம் சரியான பிறகு சோறு போடலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதோடு சேர்த்துச் சொல்லப்படும் கைத்தொழில் வாதத்துக்கு நான் அதிக இடம் தரப் போவதில்லை. நெசவும் மண்பாண்டமும் பரம்பரைக் கலை, சின்ன வயசில் பழகினால்தான் வரும் என்பவர்கள், அந்தக் கலையைத் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே வயசில் கொடுக்கட்டும். சாதியின் பெயரால் யாருக்கு எந்த வேலை என்று பிரித்த நாட்டில் பரம்பரைத் தொழில் என்ற சொல் அத்தனை அழகானது அல்ல.

அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991-ல் எழுதிய 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்ற புத்தகம் இங்கே நினைவுக்கு வருகிறது. பணக்கார நாடான பிறகுதான் எல்லோரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பது வரலாறு இல்லை என்று அவர் காட்டினார். ஜப்பான் 1872-ல் கல்வியை எல்லோருக்கும் ஆக்கும் ஆணையைப் போட்டபோது அது ஏழை நாடு. இந்தியாவில் தடையாக இருப்பது பணத்தைவிட, அதிகாரிகள், ஆசிரியர்கள், ஏன், தொண்டு செய்கிறவர்கள் மனதிலும் உள்ள ஒரு நம்பிக்கை என்பது அவர் முடிவு: ஏழைப் பிள்ளை வேலை செய்யப் பிறந்தது, நம் பிள்ளை படிக்கப் பிறந்தது. அந்தப் புத்தகம் வந்த அதே வருஷத்தில் ரங்காரெட்டி மாவட்டத்தில் வேலை ஆரம்பமானது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நோய் என்ன என்பதில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது, தொண்டு நிறுவனம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அரசுதான் செய்ய வேண்டும். தொண்டு அமைப்பு செய்யக்கூடியது, இது முடியும் என்று காட்டி, முடியாது என்று சொல்ல அரசுக்கு வழியில்லாமல் ஆக்குவது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 4-வது பிரிவு, பள்ளிக்கு வராத பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. 14-வது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. 15-வது பிரிவு, கெடு முடிந்து வந்தாலும் மறுக்கக்கூடாது என்கிறது. தெலுங்கு கிராமங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தலைமையாசிரியரிடம் மன்றாடிப் பெற்ற சலுகைகள், இப்போது நாடு முழுமைக்கும் சட்டத்தின் பிரிவுகள். இதைத் தனியாக ஒரு அமைப்பு சாதித்தது என்று சொன்னால் மற்ற பலருக்கு அநியாயம். ஆனால் நடத்திக் காட்டிய முன்மாதிரிகளில் அவர்களுடையது முன்வரிசையில் இருந்தது. நன்கொடை கொடுக்க நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் வேலை செய்யும் ஊரில் பள்ளிக்கு வெளியே இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பெயர் பெயராகச் சொல்லத் தெரிந்த அமைப்புக்குக் கொடுங்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. எட்டாம் வகுப்பு வரை சட்டம் துணைக்கு வருகிறது, பதினான்கு வயதோடு அந்தத் துணை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பெண்பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு, பையனுக்கு வெளியூர் வேலை. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு வந்த, சாந்தா சின்ஹா கடுமையாக எதிர்த்த 2016 திருத்தமும் ஓர் ஓட்டையை விட்டது. பதினான்குக்குக் கீழே எல்லா வேலைக்கும் தடை என்று ஒரு கையால் கொடுத்து, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று மறு கையால் எடுத்துக்கொண்டது. கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கும், அப்பாவுக்குக் கொஞ்சம் உதவினால் என்ன என்று தோன்றும். உலகத்தில் 2020-ல் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்த 16 கோடிப் பேரில் பத்துக்கு ஏழு பேர் விவசாயத்தில், பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு வேலை செய்தவர்கள். அந்தப் பருத்திக்காட்டு வேலையின் நேரத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். விதைப் பருத்தி இப்போது பெரிய நிலத்திலிருந்து சின்னச் சின்னக் குடும்ப நிலங்களுக்கும் நகர்ந்திருக்கிறது. பூத் தேய்ப்பது காலையில், முதல் மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி. மொட்டுக் கழற்றுவது சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு.